எல்லாம் சரி, ஆனால் ஒட்டவில்லை: பல்கலைக்கழகத்தில் பண்பாடு, அடையாளம், ஒட்டுதல்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சில வாரங்களான மாணவர்கள் வீட்டோடு பேசும்போது ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் என்னமோ ஒட்டல.” குறை என்று விரல் நீட்டிச் சொல்ல எதுவும் இருக்காது. வகுப்பு நடக்கிறது, விடுதியில் அறை இருக்கிறது, பக்கத்து அறைக்காரர் பார்த்தால் சிரிக்கிறார். ஆனாலும் வேறு யாருக்கோ போக வேண்டிய சேர்க்கைக் கடிதம் தவறிப்போய்த் தனக்கு வந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் ஒரு குடைச்சல்.

அந்த ‘என்னமோ’வைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இங்கே எது வழக்கம் என்பது பண்பாட்டைப் பற்றிய கேள்வி. நான் யார், என்னவாகப் போகிறேன் என்பது அடையாளத்தைப் பற்றியது. இந்தக் கூட்டத்தில் எனக்கு ஓர் இடம் உண்டா என்பது ஒட்டுதலைப் பற்றியது. மூன்றும் சொல்லிவைத்தாற்போல ஒரே பருவத்தில் ஒரே ஆளின் தலையில் வந்து விழுவதால் ஒன்றாகத் தெரிகின்றன. விளைவு, ஒரு கேள்விக்கான விடையை இன்னொன்றில் தேடுகிறோம். அந்த இடத்தின் வழக்கம் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதை ‘நான் இதற்கு லாயக்கில்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம். முதலாண்டு வேதனையில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

எழுதி வைக்காத விதிகள்

பண்பாடு என்றதும் விழா, உடை, கலை என்று கண்ணுக்குத் தெரிபவை நினைவுக்கு வரும். மாணவர்களைத் தடுக்கி விழ வைப்பவை அவை அல்ல. எப்போது பேசலாம், பெரியவர் சொன்னதை மறுக்கலாமா, உதவி கேட்பது கெட்டிக்காரத்தனமா பலவீனமா என்பன போன்ற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகள்தான் தடுக்குகின்றன.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். விரிவுரை முடிந்து பேராசிரியர் மடிக்கணினியை மூடிக்கொண்டே சொல்கிறார்: “சந்தேகம் இருந்தால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம்.” முன்வரிசை மாணவியின் பெற்றோர் இருவரும் பட்டதாரிகள். அவள் காதில் அது அழைப்பாக விழுகிறது. செவ்வாய்க்கிழமை போகிறாள். பெரிய சந்தேகம் ஒன்றும் இல்லை. பாதி யோசித்த ஒரு கேள்வியைக் கேட்கிறாள். பத்து நிமிடத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றி, அந்தத் துறையில் ஓர் ஆய்வுக்கு உதவியாளர் தேவைப்படுவது அவளுக்குத் தெரியவருகிறது. கடைசி வரிசையில் இருப்பவன், தன் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அதே வாக்கியம் அவன் காதில் வேறு மாதிரி விழுகிறது: புரியாதவர்கள் வரலாம். போனால் புரியவில்லை என்று ஆகிவிடும். எனவே அறையில் உட்கார்ந்து தானே முட்டி மோதிப் படிக்கிறான். இரண்டு பேரும் சமமான உழைப்பாளிகள்தான். மூன்றாம் ஆண்டு முடிவில் ஒருத்தியைப் பேராசிரியருக்குப் பெயர் சொல்லித் தெரிகிறது, பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறார். இன்னொருவன் அவருக்கு ஒரு பதிவு எண்.

பள்ளிகளில் பாடத்தோடு பாடமாக, சொல்லப்படாமலே கற்பிக்கப்படும் இத்தகைய விதிகளுக்கு ‘மறைமுகப் பாடத்திட்டம்’ என்று 1968இல் பெயர் வைத்தார் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிலிப் ஜாக்சன். பல்கலைக்கழகத்தில் அதன் கனம் இன்னும் கூடுகிறது. ஏனென்றால் இங்கே எல்லோரும் பெரியவர்கள், கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று நிறுவனம் நினைத்துக்கொள்கிறது. கேட்கலாம் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

2012இல் நிகோல் ஸ்டீவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் இதை ஒரு வரவேற்புக் கடிதத்தை வைத்துச் சோதித்தார்கள். புதிய மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த கடிதம், ‘உங்கள் சொந்தப் பாதையை நீங்களே வகுத்துக்கொள்ளும் இடம் இது’ என்ற தொனியில் இருந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்தது, ‘ஒருவரோடு ஒருவர் சேர்ந்து, ஒரு சமூகமாகக் கற்கும் இடம் இது’ என்ற தொனியில். பிறகு எல்லோருக்கும் ஒரே சொற்புதிர்கள். முதல் கடிதத்தைப் படித்தவர்களில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். இரண்டாவது கடிதத்தைப் படித்தவர்களிடம் அந்த இடைவெளி காணாமல் போனது. மாணவர்களின் திறமையில் மாற்றமில்லை. அந்த இடம் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டது என்பதுதான் மாறியது. ‘சுயமாக நில்’ என்பது எல்லோருக்கும் பொதுவான நியாயமாகத் தோன்றும். ஆனால் அது ஒரு வகை வளர்ப்பின் மொழி. குடும்பத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவருக்கு, பட்டம் என்பதே பலரோடு சேர்ந்த காரியம்.

வேறு நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களிடம் ‘முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மெல்ல ஏற்றம்’ என்று ஒரு வளைகோட்டைக் காட்டுவது வழக்கம். 1955இல் நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தன் நாட்டவரை ஆராய்ந்து சொன்னது அது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த வளைகோடு எல்லோருக்கும் பொருந்தவில்லை. பலருக்கு மிகக் கடினமான காலம் வந்து இறங்கிய முதல் நாட்கள்தான். ஆகவே உங்களுக்குத் தேனிலவே வரவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு மீன், இரண்டு விளக்கங்கள்

புதிய இடத்தின் பண்பாடு உள்ளே வந்தால் பழையது வெளியே போயாக வேண்டுமா? வீட்டில் இருப்பவர்களின் பயமும் இதுதான், மாணவரின் குற்றவுணர்வும் இதுதான். விடுமுறைக்குப் போகும்போது வீட்டில் ஓர் ஆள், திரும்பி வந்ததும் வேறோர் ஆள்; இதில் எது நிஜம் என்று தன்னைத்தானே சந்தேகிப்பவர்கள் ஏராளம்.

ஹாங்காங் மாணவர்களிடம் யிங்-யி ஹாங்கும் அவரது குழுவினரும் நடத்திய பரிசோதனைகள் இங்கே உதவும். 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவற்றைத் தொகுத்திருக்கிறார்கள். அந்த மாணவர்கள் சீனப் பண்பாட்டில் வளர்ந்தவர்கள், மேற்கத்தியக் கல்வி பெற்றவர்கள். ஒரு பகுதியினருக்குச் சீனப் பெருஞ்சுவர், டிராகன் போன்ற படங்களைக் காட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்கு அமெரிக்கக் கொடி, அங்குள்ள கார்ட்டூன் பாத்திரம் போன்றவை. அதற்குப் பிறகு, தொடர்பே இல்லாததுபோல, ஒரு மீன் தனியே முன்னால் நீந்த மற்றவை பின்னால் வரும் படத்தைக் காட்டி, ‘அந்த மீன் ஏன் முன்னால் போகிறது?’ என்று கேட்டார்கள். சீனப் படங்களைப் பார்த்தவர்கள், பின்னால் வரும் கூட்டம் அதைத் தள்ளுகிறது, துரத்துகிறது என்பதுபோன்ற விளக்கங்களுக்கு அதிகம் சாய்ந்தார்கள். அமெரிக்கப் படங்களைப் பார்த்தவர்கள், அந்த மீன் தானாக வழிநடத்திப் போகிறது என்பதுபோன்ற விளக்கங்களுக்குச் சாய்ந்தார்கள்.

ஒரே வகை மாணவர்கள், ஒரே மீன். அவர்களுக்குள் இரண்டு பண்பாடுகளும் குடியிருக்கின்றன. சூழல் எதை எழுப்புகிறதோ அது முன்னுக்கு வருகிறது. வீட்டில் ஒரு விதமாகவும் வளாகத்தில் ஒரு விதமாகவும் இருப்பது நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மீனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பெரி, புதிய பண்பாட்டுக்குள் வருகிறவர்கள் நடந்துகொள்ளும் விதங்களை நான்காகப் பிரித்தார்: இரண்டையும் வைத்துக்கொள்வது, பழையதை விட்டுப் புதியதில் கரைவது, புதியதை ஒதுக்கிப் பழையதோடு நிற்பது, இரண்டிலும் ஒட்டாமல் போவது. முதல் வகையினர் பொதுவாக மனநலத்தோடு இருக்கிறார்கள் என்பது அவர் பக்கத்து ஆய்வுகளின் முடிவு. ஆனால் இதில் ஒரு நிபந்தனையை அவரே வலியுறுத்தினார். இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவரை அந்த இடம் அப்படி இருக்க விட வேண்டும். உச்சரிப்பைக் கேலி செய்யும் வகுப்பில், பெயரைச் சரியாகச் சொல்லக்கூட முயலாத துறையில், அந்தத் தேர்வு மாணவரின் கையில் மட்டும் இல்லை.

‘நான் யார்’ என்பதற்குக் கிடைக்கும் அவகாசம்

அடையாள நெருக்கடி என்ற எண்ணத்தைப் பரப்பிய உளவியலாளர் எரிக் எரிக்சனின் வாழ்க்கையே ஒரு நல்ல பாடம். 1902இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தந்தை யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. வளர்த்தவர் மாற்றாந்தந்தையான ஒரு மருத்துவர். பொன்னிற முடி, நீலக் கண். யூதக் கோயிலில் ‘நீ வட ஐரோப்பியன்’ என்று கிண்டல். பள்ளிக்கூடத்தில் ‘நீ யூதன்’ என்று கிண்டல். இளமையில் ஓவியம் வரைந்துகொண்டு ஐரோப்பாவைச் சுற்றினார். வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியராகி, சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்று, 1933இல் அமெரிக்கா போனார். அங்கே குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் படித்து வாங்காமலே ஹார்வர்டில் பேராசிரியரானார்.

இளம் வயதில் சமூகம் ஒருவருக்கு ஓர் அவகாசம் தர வேண்டும் என்றார் எரிக்சன். முடிவுகளைத் தள்ளிப்போட்டு, பல வேடங்களைப் போட்டுப் பார்த்து, தவறினால் பெரிய விலை கொடுக்காமல் திரும்பி வரக்கூடிய காலம். பல்கலைக்கழகம் பலருக்கு அந்த அவகாசமாக அமைகிறது. எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கல்விக் கடன் தலைக்கு மேல் இருப்பவருக்கும், படித்துக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்புபவருக்கும் ‘தேடிப் பார்’ என்ற அறிவுரை எரிச்சலைத்தான் தரும். அவகாசம் என்பதும் ஒரு வசதி.

எரிக்சன் சொன்னதை அளந்து பார்க்க முயன்றவர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் வெளியான ஆய்வுக்காகக் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, தொழில், மதம், அரசியல் ஆகியவற்றைப் பற்றிப் பேசவிட்டார். அவர் கவனித்தவை இரண்டு: இவர் உண்மையிலேயே மாற்று வழிகளை யோசித்துப் பார்த்திருக்கிறாரா? எதிலாவது உறுதியாக நிற்கிறாரா? ஒரு மாணவர், ‘எங்கள் வீட்டில் எல்லோரும் மருத்துவர்கள், நானும் அதுதான், வேறு எதையும் யோசித்ததில்லை’ என்கிறார்; உறுதி இருக்கிறது, தேடல் இல்லை. இன்னொருவர் மூன்று துறைகளுக்கு இடையே தவித்துக்கொண்டிருக்கிறார். தேடல் இருக்கிறது, உறுதி இன்னும் வரவில்லை. ஒருவர் தேடி முடித்து ஒன்றில் நிற்கிறார். மற்றொருவருக்குத் தேடலும் இல்லை, உறுதியும் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இந்த நான்கையும் படிக்கட்டாகப் பார்த்து, ‘நான் இன்னும் இரண்டாவது படியில்தான் இருக்கிறேன்’ என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. தேடி முடித்தவர் மறுபடியும் தேடலுக்குத் திரும்புவது சாதாரணம். ஒருவரே தொழிலில் உறுதியாகவும் மதத்தில் தவிப்பாகவும் இருக்கலாம். தவிப்பவர்களைத்தான் சுற்றியுள்ளவர்கள் பிரச்சினைக்குரியவர்களாகப் பார்க்கிறார்கள். கேள்வியே கேட்காமல் குடும்பத் தொழிலுக்குள் நுழைந்தவரைப் பார்த்து ‘தெளிவான பிள்ளை’ என்கிறார்கள். மார்சியாவின் கண்ணில் தவிப்பவர்தான் அடையாளம் தேடும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அதற்காக வீட்டார் காட்டிய வழியில் நிம்மதியாகப் போகிறவரை மட்டம் தட்டவும் தேவையில்லை. அந்த நிம்மதி உண்மையானது என்றால் அது அவர் பாடு.

இந்தத் தேடல் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் காரியம்போல ஒரு தோற்றம் உண்டு. அப்படி இல்லை என்று காட்டியவர் தியடோர் நியூகோம். 1930களில் அமெரிக்காவின் பென்னிங்டன் என்ற புதிய பெண்கள் கல்லூரியில் அவர் ஆசிரியர். மாணவிகள் பெரும்பாலும் வசதியான, பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆசிரியர்களோ பெரும்பாலும் தாராளவாதிகள். 1936 அதிபர் தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் பழமைவாதப் பக்கம் நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்தார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் அது 15 சதவீதம். யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. கல்லூரி வாழ்க்கைக்குள் ஆழமாக இறங்கியவர்கள் மாறினார்கள். மனத்தளவில் வீட்டோடு இருந்தவர்களும், கல்லூரிக்குள் ஓரமாக நின்றவர்களும் பெரிதாக மாறவில்லை. சுமார் 25 ஆண்டுகள் கழித்து நியூகோம் மறுபடி தேடிப் போனபோதும் மாறியவர்களில் பெரும்பாலோர் புதிய நிலைப்பாட்டிலேயே இருந்தார்கள். நாம் யாரோடு ஒட்டுகிறோமோ அவர்களின் கருத்துகள் நம் கருத்துகளாகின்றன. அடையாளமும் ஒட்டுதலும் பின்னிக்கிடக்கும் இடம் இது.

அடையாளத்தில் இன்னொரு சிக்கல், அது ஒற்றை அடுக்காக இருப்பதில்லை. கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989இல் எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்று உண்டு. கறுப்பினப் பெண்கள் சிலர் ஒரு கார் நிறுவனத்தின் மேல் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது. அவர்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரை வைத்திருந்தது, அவர்கள் ஆலையில் இருந்த ஆண்கள். ஆகவே பாலினப் பாகுபாடும் இல்லை, இனப் பாகுபாடும் இல்லை என்றாகிவிட்டது. இரண்டும் சேர்ந்த இடத்தில் நின்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ‘பெண்கள் அமைப்பிலும் ஒட்டவில்லை, எங்கள் சமூக மாணவர் அமைப்பிலும் ஒட்டவில்லை’ என்று சொல்லும் மாணவி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

ஒட்டுதல் எங்கே உருவாகிறது

1995இல் ராய் பாமைஸ்டரும் மார்க் லியரியும், ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது மனிதரின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று என்று வாதிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். சிலரோடாவது அடிக்கடி இணக்கமான தொடர்பு வேண்டும். அந்த உறவு நீடிக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மனம் நிறையாது. நூறு பேரோடு கைகுலுக்கும் அறிமுக வாரம் ஏன் வெறுமையாக முடிகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

இந்தத் தேவை எவ்வளவு மடத்தனமாகக்கூட வேலை செய்யும் என்று காட்டியவர் கிப்ளிங் வில்லியம்ஸ். ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அவர் பக்கம் ஒரு வீசுதட்டு (ஃபிரிஸ்பி) வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். விளையாடிக்கொண்டிருந்த இருவரும் திரும்ப அவருக்கு எறிந்தார்கள். கொஞ்ச நேரம் மூவரும் ஆடினார்கள். திடீரென்று அவர்கள் இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர். ஆனாலும் மனது சுருக்கென்றது. அதையே பிறகு கணினியில் ஒரு பந்து விளையாட்டாக ஆக்கிச் சோதித்தார். மற்ற ஆட்டக்காரர்கள் மனிதர்களே அல்ல, கணினிதான் என்று சொல்லிவிட்டாலும் பந்து வராதபோது வலிக்கிறது. 2007இல் வெளியான ஒரு சோதனையில், ஆடுகிறவர்கள் கூ கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்கள் ஒதுக்கியபோதும் வலித்தது. ஆகவே, எங்கோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படாததற்காக இரவெல்லாம் புரண்டவர், ‘நான் ஏன் இவ்வளவு அற்பமாக இருக்கிறேன்’ என்று தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

சரி, ஒட்டுதல் எப்படி வருகிறது? ஆழமான உரையாடல், ஒத்த ரசனை என்றெல்லாம் நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து படிக்க வந்த, மணமான மாணவர்களுக்காக அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் கட்டிய குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் இருவரும் நடத்திய ஆய்வு 1950இல் வெளிவந்தது. யாருக்கு எந்த வீடு என்பது பெரும்பாலும் தற்செயல். நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டபோது, ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரரைச் சொல்லும் வாய்ப்பு 41 சதவீதம்; இரண்டு வீடு தள்ளி என்றால் 22 சதவீதம்; தாழ்வாரத்தின் மறுமுனை என்றால் 10 சதவீதம். தூரமோ சில பத்து அடிகள்தான். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள், ஏனென்றால் ஏறி இறங்குகிறவர்கள் கண்ணில் அவர்கள் பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம் இது. நட்புக்கு அடிப்படை ஆத்மார்த்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, மாடிப்படி என்கிறார்கள். ஆனால் இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. எதேச்சையாக, திரும்பத் திரும்ப, ஒரே முகங்களைப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று இருந்தால் போதும். நூலகத்தில் தினமும் ஒரே மேசை, வாரம் ஒருமுறை ஒரே குழுவின் ஒத்திகை, ஆய்வுக்கூடத்தில் ஒரே நேரம். ஒரே ஒரு முறை நடக்கும் பெரிய கூட்டங்களைவிட இவை அதிகம் வேலை செய்யும். தினமும் வெளியிலிருந்து வந்து, வகுப்பு முடிந்ததும் பேருந்து பிடிக்க ஓடுகிற மாணவர்கள் ஏன் அதிகம் தனித்துப் போகிறார்கள் என்பதும் இங்கே புரியும். அவர்கள் கூச்ச சுபாவிகள் என்பதால் அல்ல. அவர்கள் வழியில் மாடிப்படி இல்லை.

இரண்டாவது தடை நம் தலைக்குள் இருக்கிறது. 1993இல் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் மதுப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலோர் தனக்கு அதில் சங்கடம் உண்டு, மற்ற மாணவர்களுக்கு அவ்வளவு இல்லை என்று சொன்னார்கள். எல்லோரும் உள்ளே சங்கடப்பட்டுக்கொண்டு, வெளியே இயல்பாக இருப்பதுபோலக் காட்டி, மற்றவர்களின் வெளித்தோற்றத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டுதலிலும் இதேதான். நம் உள்ளே நடப்பதை மற்றவர்களின் வெளித்தோற்றத்தோடு ஒப்பிடுகிறோம். தோற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த முடிச்சைத்தான் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் அவிழ்த்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில், முதலாண்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சி. முதலில், மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கிறார்கள்: ‘எனக்கும் முதலில் ஒட்டவில்லை, யாருக்கும் என்னைப் பிடிக்காது என்று நினைத்தேன், போகப் போகச் சரியானது.’ பிறகு தன் அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அடுத்த ஆண்டு வரப்போகிறவர்களுக்காக என்று சொல்லிக் கேமரா முன் பேசுகிறார்கள். நீ உதவி தேவைப்படுகிறவன் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, உதவுகிறவராக நடத்தினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. வெள்ளையின மாணவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அவர்களுக்கு ‘நான் இங்கே உரியவனா’ என்ற ஐயம் முதலிலேயே அவ்வளவாக இருந்திருக்கவில்லை. ஒரு மோசமான மதிப்பெண் வந்தால் அவர்களுக்கு அது மோசமான மதிப்பெண், அவ்வளவுதான். சிறுபான்மை மாணவருக்கோ அது தீர்ப்பு.

ஒரு மணி நேரத்தில் இவ்வளவா என்று சந்தேகம் வர வேண்டும், வருவதே நியாயம். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு. எனவே 2023இல் வால்டனும் பெரிய குழுவினரும் 22 கல்வி நிறுவனங்களில் ஏறக்குறைய 27,000 மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி வேலை செய்தது, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. எந்தக் குழுவைச் சேர்ந்த மாணவர்களுக்கு அந்த வளாகத்தில் ஒட்டுவதற்கு நிஜமாகவே வாய்ப்பு இருந்ததோ, அவர்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது. ‘போகப் போகச் சரியாகும்’ என்பது சரியாக வாய்ப்புள்ள இடத்தில்தான் உண்மை. இந்த ஒரு முடிவை எல்லாப் பல்கலைக்கழக நிர்வாகிகளின் மேசையிலும் ஒட்டி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். மாணவரின் மனத்தை மாற்றினால் போதும், வளாகத்தை மாற்ற வேண்டாம் என்று நினைப்பது செலவு குறைந்த ஆசை.

தன் கூட்டமும் பொதுக் கூட்டமும்

ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே சமூகத்து மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்தால் ‘கலந்து பழக மாட்டேன் என்கிறார்கள்’ என்று ஒரு முணுமுணுப்பு எழும். பெரும்பான்மையினர் தங்களுக்குள் உட்கார்ந்தால் அது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டூ போய்ஸ் 1888இல் ஹார்வர்டில் சேர்ந்தார். 1895இல் அங்கே முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். தான் ஹார்வர்டில் இருந்ததாகவும், ஆனால் ஹார்வர்டின் ஆளாக இருந்ததில்லை என்றும் பிற்காலத்தில் எழுதினார். அதைப் புலம்பலாக மட்டும் படித்துவிட முடியாது. வகுப்பறையும் நூலகமும் ஆசிரியர்களும் அவருக்குப் போதுமாயிருந்தன. அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஜேம்ஸின் வீட்டுக்கு விருந்தினராகப் போய்வந்தார். நட்பையும் சிரிப்பையும் பாஸ்டனின் கறுப்பின மக்களிடையே தேடிக்கொண்டார். படிப்பு ஓரிடத்தில், ஒட்டுதல் வேறோரிடத்தில். இன்றும் பலருக்குத் தன் கூட்டம் என்பது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். விளக்கம் சொல்லாமல், உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மறுபடி வகுப்புக்குப் போகலாம்.

கூட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படையில் இருந்து பிடிபட்டுப் போர்க் கைதியாக உயிர் தப்பியவர். திரும்பியபோது குடும்பத்தில் பெரும்பாலோர் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு குழுவை வெறுக்கக் குறைந்தபட்சம் என்ன தேவை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1971இல் வெளியான சோதனையில், பள்ளி மாணவர்களை இரு ஓவியர்களில் யாரைப் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொல்லி, உண்மையில் சும்மா இரண்டாகப் பிரித்தார். யார் தன் குழுவில் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பணமதிப்புள்ள புள்ளிகளைப் பிறருக்குப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குச் சாய்ந்தார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் பலர் பங்கிட்டார்கள். ஒட்டுதல் வெறும் கோடு கிழிப்பதிலிருந்தே பிறந்துவிடுகிறது என்றால், ‘நாம்’ என்று சொல்லும் எந்த மாணவர் அமைப்பும் ‘அவர்கள்’ யார் என்று சொல்லாமல் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று கவனிப்பது நல்லது. என் அனுமானத்தில், பெயரை வைத்துச் சேரும் குழுவைவிட வேலையை வைத்துச் சேரும் குழுவில் இந்தத் தொல்லை குறைவு. நாடகம் போடுகிறவர்களுக்கு விளக்கு யார் பிடிப்பது என்ற கவலையே போதும்.

முதலாண்டில் இருப்பவர் இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘ஒட்டவில்லை’ என்று தோன்றும்போது, மூன்றில் எது என்று கேட்டுப் பாருங்கள். வழக்கம் தெரியாததுதான் சிக்கல் என்றால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ‘இங்கே வந்த புதிதில் உங்களுக்குத் தெரியாமல் போனது என்ன?’ என்று கேளுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத விஷயங்கள் அரை மணி நேரத்தில் வந்து விழும். நான் யார் என்ற தவிப்பு என்றால் அதற்குத் தேர்வுத் தேதி கிடையாது. ஒரு பருவத்துக்கு ஒரு புதிய பாடத்தையோ குழுவையோ போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். இடம் இல்லை என்ற உணர்வு என்றால், முதலில் மாடிப்படியைத் தேடுங்கள்: ஒரே முகங்களை வாரத்தில் சில முறையாவது பார்க்க வைக்கும் ஏதோ ஒன்று. ஒரு முழு ஆண்டு இப்படி முயன்றும் அதே கதவுகள் சாத்தியே இருந்தால், பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். துறையை மாற்றுவதோ நிறுவனத்தை மாற்றுவதோ தோல்வி ஆகாது. தூக்கம் கெட்டு, வகுப்புக்கே போக முடியாமல், உயிர் வாழ்வதில் பிடிப்பு குறைகிறது என்றால் அது வேறு விஷயம். அதற்கு இந்தக் கட்டுரை போதாது. வளாகத்தின் ஆலோசகரையோ மருத்துவரையோ அன்றே பாருங்கள், தனியாகப் போக முடியாவிட்டால் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு.